நாயைக் காட்டுங்க

வாங்க தம்பி, உள்ள வாங்க. கேட்டை மட்டும் சாத்திட்டு வந்துருங்க, இல்லாட்டி இது தெருவுக்கு ஓடிரும். கடிக்காது, பயப்படாதீங்க. அது குலைக்கிறது உங்களப் பாத்து இல்ல, உங்க செருப்பைப் பாத்து. செருப்புன்னா அதுக்கு வெளிய போறதுன்னு அர்த்தம். யாரு செருப்புப் போட்டு வந்தாலும் தன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்துருக்காங்கன்னு நினைச்சுக்கும்.

பால்காரர் சொல்லித்தான வந்தீங்க? ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோட்டம், காவலுக்கு ஒரு நாய் வேணும்னு சொன்னாரு. நல்லது. உக்காருங்க. காப்பி குடிக்கிறீங்களா? எனக்குப் போடத் தெரியாது. கடையில வாங்கி பிளாஸ்க்ல வச்சிருக்கேன். காலையில வாங்கினதுதான், சூடு கொஞ்சம் போயிருக்கும். வேண்டாமா? சரி.

நாயைப் பத்தி மறைக்க ஒண்ணுமில்ல தம்பி. ஊசியெல்லாம் போட்டாச்சு. மோர்ச்சாதம் போட்டாலும் தின்னும், கறி போட்டாலும் தின்னும். ராத்திரி சும்மா சும்மா குலைக்காது. ஒரே ஒரு குறைதான். தினமும் சாயங்காலம் வெளிய நடத்திக் கூட்டிட்டுப் போகணும். அந்த ஒண்ணுதான் என்னால முடியல.

முடியலைன்னா முட்டி வலின்னு நினைக்காதீங்க. முட்டி வலியும் இருக்கு, அது வேற. மனசு வரல. மனசு வரலைன்னா எப்படிச் சொல்றது? வெயில் இறங்கினதும் இது கயித்தை வாயில கவ்விக்கிட்டு வந்து எனக்கு எதுக்க உக்காந்துக்கும். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைச்சுக்குவேன். படிச்ச பேப்பர்தான், காலையிலயே ஒரு எழுத்து விடாம படிச்சிருப்பேன். இருந்தாலும் தூக்கிக்குவேன். டிக்கெட் எடுக்காதவன் செக்கரைக் கண்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு வயக்காட்டைப் பாப்பான் பாருங்க, அந்த மாதிரி.

அதை எத்தனை பேருகிட்ட பாத்திருக்கேன்! நான் பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன், பால்காரர் சொல்லிருப்பாரே? கண்டக்டரா சேந்தேன், செக்கரா வெளிய வந்தேன். நடுரோட்டுல நின்னு கையக் காட்டினா எந்த வண்டியா இருந்தாலும் நிக்கணும். ஆளைப் பாத்த உடனே சொல்லிருவேன், இவன்கிட்ட டிக்கெட் இருக்கு, இவன்கிட்ட இல்லைன்னு. என் சர்வீஸ்ல ஒருத்தன் என்னை ஏமாத்தினது கிடையாது. மனுஷன் முகத்தைப் படிக்கிறது ஒரு வித்தை தம்பி. எல்லாருக்கும் வராது.

பேரா? சில்லறை. சிரிக்காதீங்க, நான் வச்ச பேரு இல்ல அது. என் வீட்டுக்காரி வச்சது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சாக்கடை ஓரத்துல குட்டியா கிடந்துச்சாம், முந்தானையில சுத்திக்கிட்டு வந்து நிக்கிறா. யாரைக் கேட்டுக் கொண்டாந்தேன்னு சத்தம் போட்டேன். "வாழ்க்கை பூரா சில்லறை சில்லறைன்னுதான கத்தினீங்க? இந்தாங்க சில்லறை"ன்னு என் காலடியில இறக்கி விட்டுட்டா. அவ அப்படி எதுத்துப் பேசி நான் கேட்டது அன்னிக்கு மட்டும்தான். அந்தப் பேரே நிலைச்சுப் போச்சு. இப்ப என் பாடு பாருங்க. தெருமுனையில நின்னு சில்லறை, சில்லறைன்னு கத்தினா போறவன் வர்றவன் எல்லாம் ஒரு தினுசாப் பாக்குறான். ஒரு அம்மா அஞ்சு ரூபாயைக் கையில வச்சுட்டுப் போயிருச்சு.

அவ இங்க இல்ல. ஓசூர்ல இருக்கா, மக வீட்ல. பிரசவம் பாக்கப் போனா. தலைப்பிரசவம். முறைப்படி பாத்தா மக இல்ல இங்க வரணும்? வளைகாப்பைப் போட்டுக் கையோட கூட்டிட்டு வர்றதாத்தான் பேச்சு. இவதான், அங்க ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு, வயித்துப் பிள்ளைக்காரிய எதுக்கு இவ்வளவு தூரம் குலுக்கிக் கூட்டிட்டு வரணும், நானே போறேன்னு நின்னா. எந்த ஊர்லயாவது பெத்தவ பெட்டியத் தூக்கிக்கிட்டு மருமகன் வீட்டுக்குப் பிரசவம் பாக்கப் போவாளா? சம்பந்தி வீட்டுல என்ன பேசுவாங்க? எடுத்துச் சொன்னேன், கேக்கல. பெரிய பெட்டியாக் கொண்டு போனா. இருக்குற சேலையெல்லாம் எதுக்குடின்னு கேட்டதுக்கு, அங்க குளிருங்கன்னா. ஓசூர் குளிரத்தான் செய்யும். அதுல தப்பு சொல்ல முடியாது.

பேரன் பொறந்துட்டான். நல்லா இருக்கான். பல்லெல்லாம் முளைச்சாச்சு, இப்ப வீடு பூரா ஓடுறானாம்.

வருவா. மருமகனுக்கு ஷிப்ட்டு வேலை, மகளும் வேலைக்குப் போறா, குழந்தைய யாரு பாப்பாங்கிறா. நியாயம்தான? பள்ளிக்கூடத்துல போட்டதும் வந்துருவா. நானே கூடப் போகலாம். எனக்கு பஸ் பாஸ் இருக்கு, சேலத்துல மாறினா ஓசூர். வண்டி டைமெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆனா வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணும்ல தம்பி? அழைக்காம மருமகன் வீட்டுப் படி ஏற நான் என்ன வழிப்போக்கனா?

எதுல விட்டேன்? ஆங், நாய்.

இதை முதல்ல நடத்திட்டுப் போனது அவதான். சமைச்சு முடிச்சு, எனக்கு டீயக் குடுத்துட்டு, கயித்தைப் புடிச்சுட்டுக் கிளம்பிருவா. மழை பேஞ்சாலும் போவா. காய்ச்சலோட போயிருக்கா. எனக்கு அப்பவே ஒரு இது. ஒரு நாய் ஒண்ணுக்குப் போக இவ்வளவு நேரமா? திரும்பி வரும்போது முகத்துல ஒரு களை இருக்கும். வாசல்ல செருப்பைக் கழட்டும்போது இருக்கும், உள்ள வரும்போது இருக்காது. எங்க போன, யாரோட பேசினன்னு கேப்பேன். "நாயோடதாங்க போனேன்"ம்பா. கேள்வி கேக்குறது என் தொழில் தம்பி, வீட்டுக்கு வந்தா அதைக் கழட்டி ஆணியில மாட்ட முடியுமா? அக்கறை இருக்கிறவன்தான் கேப்பான்.

அப்புறம் ஒரு நாள் பின்னாலயே போனேன். செக்கிங்தான். தெருத்தெருவாப் போறா. பிள்ளையார் கோயில் பூக்காரி பஞ்சவர்ணத்துகிட்ட நின்னு பேச்சு. இஸ்திரி வண்டிக்காரன்கிட்ட ஒரு பேச்சு. டீக்கடையில, ஆம்பளைங்க நிக்கிற டீக்கடையில தம்பி, நின்னுக்கிட்டு சர்க்கரை தூக்கலா ஒரு டீ. எனக்கு சுகர்னு வீட்டுல சர்க்கரையே வாங்குறதில்ல நாங்க. சரி, இத்தோட விட்டுச்சான்னா இல்ல. ரெஜினா டீச்சர்னு ஒருத்தங்க, ரிட்டையர் ஆன பி.டி. டீச்சர், அவங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு காலி மனை. நடுவுல வலை கட்டியிருக்கு. நாயைக் கம்பத்துல கட்டிப் போட்டுட்டு, சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு இவ ரிங் பால் விளையாடிக்கிட்டு இருக்கா! ரப்பர் வளையத்தை அங்கிட்டும் இங்கிட்டும் எறிவாங்களே, அது. பேரன் எடுக்கப்போற வயசுல. எகிறிப் புடிக்கிறா. விழுந்து விழுந்து சிரிக்கிறா.

நான் என்ன செஞ்சிருப்பேன்னு நினைக்கிறீங்க? சத்தமெல்லாம் போடல. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. நடுவுல போய் நின்னு கையக் காட்டினேன். நிப்பாட்டிட்டாங்க. "எங்க இருந்து வர்ற? எங்க போற?"ன்னு கேட்டேன். பஸ்ஸுல கேக்குற மாதிரி, மரியாதையாத்தான் கேட்டேன். பூக்காரியும் அங்கதான் நின்னா, நாலஞ்சு பிள்ளைங்களும் நின்னுச்சுங்க. அவ ஒரு வார்த்தை பேசல. வளையத்தை டீச்சர் கையில குடுத்தா, கயித்தை அவுத்தா, எனக்கு முன்னால நடந்து வீட்டுக்கு வந்துட்டா. தப்புன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கு, அதான் பேசல. டிக்கெட் இருந்தா எடுத்துக் காட்டுவாங்கள்ல?

மறுநாள்லேருந்து நாயை மொட்டை மாடியில நடத்துன்னு சொல்லிட்டேன். காத்தும் வருது, நாய்க்கும் நடந்த மாதிரி ஆச்சு. அவளும் சரின்னு நடத்தினா. நான் கீழ இருந்தா காலடிச் சத்தம் கேக்கும். சுத்திச் சுத்தி வருவா. எதுத்தே பேசல. அவ்வளவு நல்ல பொம்பளை தம்பி அவ. அந்தச் சமயத்துலதான் மக முழுகாம இருக்கான்னு ஓசூர்லேருந்து போன் வந்துச்சு. எங்களுக்குத் தலைகால் புரியல. அவ அழுதுட்டா. சந்தோசத்துலதான்.

அவ போன பிறகு நானும் மாடியிலதான் நடத்திப் பாத்தேன். பக்கத்து போர்ஷன்காரங்க காயப்போட்ட மோர்மிளகாயில இது காலைத் தூக்கிருச்சு. அந்தம்மா பேசின பேச்சை உங்ககிட்ட சொல்ல முடியாது. சரின்னு தெருவுக்கு இறங்கினேன். நாம ஒரு பக்கம் கூட்டிட்டுப் போவோம்னா இது கேக்குதா? அவ போன வழியேதான் இழுக்கும். அதே பூக்கடை, அதே இஸ்திரி வண்டி, அதே டீக்கடை. ஒவ்வொரு எடத்துலயும் ஸ்டாப்பிங் மாதிரி நிக்கும், ஆள் ஏறி இறங்கினாத்தான் கிளம்புவேங்கிற மாதிரி. கடைசியில அந்தக் காலி மனை. கம்பத்துக்குப் பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டு வாலை ஆட்டிக்கிட்டே இருக்கும். நான் பக்கத்துல நிக்கணும். ரெஜினா டீச்சர் வணக்கம் சார்னு ஒண்ணு சொல்லிட்டு விளையாட ஆரம்பிச்சுருவாங்க.

ஆரம்பத்துல எல்லாரும் கேட்டாங்க, "மங்கைக்கா எப்ப வர்றாங்க?"ன்னு. மங்கையர்க்கரசின்னு பேரு அவளுக்கு. நான் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல, ஏய் இந்தான்னுதான் பழக்கம். ஊர் பூரா மங்கைக்கா, மங்கைக்கான்னா எனக்கே யாரோ வேற ஆள் மாதிரி இருந்துச்சு. அடுத்த மாசம் வந்துருவான்னு சொல்லுவேன். எல்லாருகிட்டயும் அதையே சொல்லணும். பூக்காரிகிட்ட, இஸ்திரிக்காரன்கிட்ட, டீ மாஸ்டர்கிட்ட. தினம் சொல்லணும். இப்ப யாரும் கேக்குறதில்ல தம்பி. அவங்க கேக்காம சிரிச்சுட்டு விட்டுர்றாங்க பாருங்க, அதை நினைச்சாத்தான் எனக்குச் செருப்பு மாட்ட மனசே வர்றதில்ல. கேட்டுத் தொலைச்சாக்கூடப் பரவாயில்லையே!

அப்படின்னா போகாம இருந்துர வேண்டியதுதானன்னு கேப்பீங்க. இருக்க முடியாது. அவ போன் பண்ணுவா.

தினமும் பண்ணுவா. இந்த போனே மக சுகந்தி வாங்கி அனுப்பினது. படம் தெரியிற மாதிரிதான் கூப்பிடுவா. நாங்க தெருவுல இருக்குற நேரம் பாத்து வரும். எடுத்த உடனே என்ன கேப்பான்றீங்க? "நாயைக் காட்டுங்க." அவ்வளவுதான். காட்டுவேன். கொஞ்சம் கீழ இறக்குங்கம்பா, இறக்குவேன். "சில்லறை, ஏ சில்லறைக் குட்டி"ன்னா இது போனை நக்க வரும். அப்புறம் பூக்காரிகிட்டக் குடுங்கம்பா. டீச்சர்கிட்டக் குடுங்கம்பா. நான் போனை வச்சுக்கிட்டுக் கம்பம் மாதிரி நிப்பேன், அவங்க பேசிக்குவாங்க. பேரன் என்ன சேட்டை பண்ணினான்னு பூக்காரிக்குத்தான் முதல்ல தெரியும். எனக்குக் கையில போன் இருக்குன்னுதான் பேரு. அவ சிரிக்கிற சத்தம் நல்லாக் கேக்கும். வீட்டுல இருந்தப்போ இப்படிக் கேட்ட ஞாபகம் இல்ல. போன்ல சத்தம் வேற மாதிரி வரும் போல.

ஒரு நாள் முடியல. போகாமலே, போயிட்டு வந்துட்டோம்னு சொன்னேன். "நாயைக் காட்டுங்க"ன்னா. காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்தா. "கால்ல மண்ணே இல்லையே. நாக்கும் தொங்கல. போகலையா?"ன்னா பாருங்க! கண்டுபிடிச்சுட்டா. எனக்கு ஒரு பக்கம் கோவம், ஒரு பக்கம் பெருமை. எத்தனை வருஷம் என் கூட இருந்திருக்கா, தொழில் கொஞ்சம் ஒட்டத்தான செய்யும்?

ஆனா லைனைக் கட் பண்ணினவ மறுநாள் கூப்பிடல. அதுக்கடுத்த நாளும் கூப்பிடல. நானாக் கூப்பிட்டா மக எடுக்குறா. "அம்மா தூங்குறாங்கப்பா"ங்கிறா. வெயில் நேரத்துல கூப்பிட்டாலும் தூங்குறாங்க, விளக்கு வைக்கிற நேரத்துல கூப்பிட்டாலும் தூங்குறாங்க. எனக்குச் சோறு இறங்கல தம்பி. இதை இழுத்துக்கிட்டு நடையா நடந்தேன். காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பஞ்சவர்ணத்துகிட்டப் போய், "ஏம்மா, நான் ஒழுங்காத்தான் நடத்துறேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லும்மா"ன்னு நின்னேன். முன்னெல்லாம் நூறு பேரை இறக்கி விட்டிருக்கேன் பஸ்ஸுலேருந்து. ஒரு பூக்காரிகிட்ட சிபாரிசுக்கு நின்னேன். அந்தப் பொண்ணு போன் போட்டுச் சொன்ன பிறகுதான் அவ கூப்பிட்டா. "நாயைக் காட்டுங்க"ன்னா. அவசரத்துல போனைத் தலைகீழாப் புடிச்சுட்டேன், படமே சரியா விழல.

அப்பத்தான் யோசிச்சேன். இப்படியே எத்தனை நாளைக்கு? இது இங்க இருக்குற வரைக்கும் அவ அங்க உக்காந்துக்கிட்டே எல்லாத்தையும் பாத்துக்குவா. நாய் இல்லைன்னு வைங்க. என்ன ஆச்சு, யாருக்குக் குடுத்தீங்கன்னு கேக்க வரணுமா இல்லையா? சண்டை போடவாவது வருவா. வரட்டும். பஸ் ஏறி வந்து இந்த வாசல்ல நின்னு வாயில வந்தபடி திட்டட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அதான் பால்காரர்கிட்ட சொல்லி வச்சேன்.

சுகந்தி காதுக்கு எப்படியோ போயிருச்சு. நேத்துக் கூப்பிட்டா. "அப்பா, நாயைக் குடுத்துட்டா அம்மா உங்களுக்குப் போன் பண்ணுவாங்கன்னு நினைக்கிறீங்களா?"ன்னு கேக்குறா. என்ன கேள்வி தம்பி அது? கட்டின புருஷனுக்குப் பண்ணாம யாருக்குப் பண்ணுவா? அப்படித்தான் நானும் கேட்டேன். அவ "வைக்கிறேம்பா"ன்னு வச்சுட்டா. ராத்திரி பூரா அதே கேள்வி. நீங்க சொல்லுங்க, உங்களுக்கும் கல்யாணம் ஆயிருக்குல்ல? நாய் இல்லைன்னா பண்ண மாட்டாளா? ஏன் பண்ண மாட்டா? நான் என்ன குறை வச்சேன்? அடிச்சிருக்கேனா, குடிச்சிருக்கேனா? கையத்தான காட்டினேன். எனக்கு ஒண்ணும் புரியல தம்பி. எந்தப் பக்கம் திரும்பினாலும் புரியல.

ஒரு நாள் போனை என் பக்கம் திருப்பினேன். தெரியாமத் திரும்பின மாதிரி. சவரம் எல்லாம் பண்ணியிருந்தேன் அன்னிக்கு. அவ பாத்தா. பாத்துட்டு, "ஏங்க, கேமரா திரும்பிருச்சு பாருங்க"ன்னா. ஆமா, ஆமா, கை பட்டுருச்சுன்னு திருப்பிட்டேன்.

ஏன் தம்பி எந்திரிக்கிறீங்க? நாய் வேண்டாமா? இல்ல இல்ல, குடுக்க மாட்டேன்னு நான் சொல்லல. தோட்டம்னா இதுக்கும் நல்லதுதான். ஆனா ஒரு வாரம் போகட்டும், என்ன சொல்றீங்க? அடுத்த வாரம் வாங்க. இல்ல, தை பொறக்கட்டும், பேசிக்குவோம். வேற நாய் கிடைச்சா எடுத்துக்கங்க, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பாருங்க, கயித்தைக் கவ்விக்கிட்டு வந்துருச்சு. வெயில் இறங்குறது இதுக்கு எப்படித்தான் தெரியுதோ! இரு, இரு, வர்றேன். முட்டி மடங்க மாட்டேங்குது, செருப்பை மாட்டணும்ல? நேரமாச்சு, நாம பூக்கடைப் பக்கம் போறதுக்குள்ள அவ கூப்பிட்டுருவா.

தம்பி, ஒரு உதவி. நீங்களும் பஸ் ஸ்டாண்டுக்கு அந்த வழியாத்தான போகணும்? இந்த போனைக் கையில வச்சுக்கங்க. கூப்பிட்டா பச்சையை அமுக்கி நாயைக் காட்டுங்க, அதைத்தான் கேப்பா. நாயைத்தான் காட்டணும், வேற எதையும் காட்டிராதீங்க. நான் கயித்தைப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நடந்து வருவேன். நீங்க ரொம்பக் கிட்டக்க வராம, நாலு எட்டுத் தள்ளி நின்னு காட்டினீங்கன்னா, படத்துல ஓரமா நானும் விழுவேன். வேணும்னே காட்டின மாதிரி இருக்கக் கூடாது.

இருங்க, இந்தச் சட்டை வேண்டாம். மாத்திட்டு வந்துர்றேன்.